கொலு வீட்டு ஒப்பாரி

அக்டோபர் 2, புதன். அமாவாசை

கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. இறக்கியது நான். கீழே நின்று "பாத்து, பாத்து" என்று சொன்னது என் வீட்டுக்காரர். செந்தாமரை நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. சபாநாயகம் அவர்களுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. மேடை ஏறச் சொன்னால் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது.

ஏழு படி. கீழே வழக்கம்போலக் குளம். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர், சுற்றிலும் முளைவிட்ட வெந்தயம், நடுநடுவே கல் வைத்து அதன்மேல் பண்ருட்டியில் சொல்லிச் செய்து வாங்கின மண் பறவைகள். மடையான், நத்தைக்குத்தி நாரை, தாழைக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான். எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற அல்லித் தாங்கல் என்கிற சின்ன ஏரியில் மொட்டைமாடியிலிருந்து நான் பார்த்தவைதான் எல்லாம். தாம்பாளத்தில் ஐந்தும் இருக்கின்றன. தாங்கலில் நாரை வருவது நின்று இரண்டு வருஷமாகிறது. தாழைக்கோழியை இந்தக் கோடையிலிருந்து காணோம்.

சாப்பிடும்போது தலைவர் செய்தி சொன்னார். "விஜயதசமி காலையில பூமி பூஜை. குட்டையைத் தூத்துட்டு பார்க்கிங் கட்டறோம். நீயும் நானும்தான் மணையில உக்காரணும். மயில்கழுத்துக் கலர் பட்டு இருக்குல்ல, அதைக் கட்டிக்க."

நூறு வருஷத் தாங்கலை இந்த நகர்க்காரர்கள் எல்லோரும் 'குட்டை' என்றுதான் சொல்வார்கள். மனை விற்றவன் வரைபடத்தில் அது 'காலி இடம்'. தண்ணீர் நிற்கிற காலி இடம்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே சண்டை. சண்டைக்குப் பத்து நாள் இருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல். எங்கள் வீட்டில் பாட்டுப் பாடாதவர்களுக்குச் சுண்டல் கிடையாது. பாடத் தெரியாது என்று நெளிகிறவர்கள் பிள்ளையார் பாட்டாவது பாடியாக வேண்டும். இன்று பிள்ளையார் எட்டு முறை வந்து போனார்.

எதிர்வீட்டுக் கோமளா வந்தாள். சங்கத்தின் கலாசாரச் செயலாளர் அவள்தான், கொலுப் போட்டிக்கு நடுவரும் அவள்தான். யார் பாடினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மார்க் போடுகிறாள் என்று அர்த்தம். போன வருஷம் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் எழுத எனக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டுக்கு.

அக்டோபர் 4, வெள்ளி

மொச்சை. வேகவே இல்லை. அப்படியே கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை, மென்றுகொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் 5, சனி

காலையில் காபி கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். "ஏங்க, அந்தத் தாங்கலை விட்டுட்டா என்ன?"

தலைவர் பேப்பரை மடித்துவைத்தார். பேச்சு நீளும் என்று தெரிந்துபோயிற்று. போன மாதம் கார் நிறுத்துகிற தகராறில் ரெண்டு வீட்டுக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கொசு. நாற்றம். நீர்க்காகம் எச்சமிட்டு நம் கார் மேல் பெயிண்ட் போயிற்று. எல்லாம் உண்மைதான். அதுதான் எனக்கு எரிச்சலே. பொய்யாக இருந்தால் இரண்டு வார்த்தையில் ஆளைக் கவிழ்த்திருப்பேன்.

"பறவைங்க எங்க போவும்?" என்றேன்.

"ரெக்கை இருக்குல்ல" என்றார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் எத்தனையோ பேர் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு அமைதியாக ஒருவர் சொல்லி எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

மத்தியானம் தாம்பாளத்திலிருந்து நாரையை எடுத்து அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்தேன். சாயங்காலம் கூட்டம் வந்ததும், "இன்னிக்கு நானே பாடறேன்" என்று சொல்லிவிட்டுத் தாலாட்டு மாதிரி இழுத்தேன்.

*நத்தை குத்தித் தின்ன வந்த நாரை மவராசா
நீ நடந்த சேத்தையெல்லாம் நாறுதுன்னு சொன்னாங்க
ஒத்தக்காலில் நீ நின்ன ஓரமெல்லாம் அளந்து
ஒரு காருக்கு ஒரு எடமா ஒதுக்கிவிட்டாங்க*

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கோமளா கண்ணைத் திறந்தாள். "அக்கா, இது என்ன ராகம்?" என்றாள்.

"நாட்டுப்புறம்" என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

தாழைக்கோழியும் அஞ்சறைப்பெட்டிக்குப் போயிற்று. அதற்கும் நாலு அடி.

*தண்ணி மேல நடந்து வரும் தாழைக்கோழித் தாயே
டிப்பர் லாரி மண்ணெடுத்து வாய்க்கரிசி போட்டாங்க
கண்ணில் ஒன்னைக் காணலையே கரையெல்லாம் தேடி
காலி எடம் போல அங்க கல்லு நட்டாங்க*

"அக்கா" என்றாள் கோமளா, சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு. "வாய்க்கரிசின்னு வருது. இது ஒப்பாரி. கொலு வீட்ல, அம்பாள் முன்னால, வெள்ளிக்கெழமையும் செவ்வாக்கெழமையும் வர்ற நேரத்துல யாராவது ஒப்பாரி பாடுவாங்களா?"

"நேத்து பொறந்த பொண்ணு நீ. இது நடவுப் பாட்டு. நாத்துக்குப் பாடறது."

புளுகுதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் தெருவில் எழவு விழுந்தால் என் அத்தைமார் மூன்று பேரும் மாரில் அடித்துக்கொண்டு பாடுகிற மெட்டு அது. கேட்டுக் கேட்டு எனக்கும் வரும். நடவுக்கு அந்த மெட்டில் பாடினால் நாற்று பயந்து செத்துவிடும்.

அக்டோபர் 8, செவ்வாய்

மடையானும் நீர்க்காகமும் போயாயிற்று. தலைவர் செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தார்.

"என்ன நாயகி, குளம் காலியா இருக்கு?"

"நீங்க காலி பண்ணப்போறதை நான் முன்னாடியே பண்றேன்."

"இதெல்லாம் சின்னப்புள்ளத்தனம்" என்றார். ஆனால் படி இறங்குகிறவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அக்டோபர் 9, புதன்

பாசிப்பயறு. குளத்தில் முக்குளிப்பான் மட்டும் தனியாக.

அக்டோபர் 10, வியாழன்

இன்றைய கூத்தை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் மாடியில் துணி உலர்த்தப் போனேன். தாங்கலின் மேற்கு மூலையில் டிப்பர் லாரி நின்றது. பூஜைப் பந்தலுக்கு மேடு வேண்டுமாம், பூஜைக்கு முன்பே மண் கொட்டுகிறார்கள். அந்த மூலைக் கோரைக்குள்தான் முக்குளிப்பான் கூடு மிதந்துகொண்டிருக்கும். ஆள் அரவம் கேட்டால் அது பறக்காது, தண்ணீருக்குள் முங்கும். கொஞ்சம் தள்ளி எங்கேயாவது எழுந்து ஒன்றும் நடக்காதது மாதிரி தலையை உதறும். இன்றைக்கும் லாரிச் சத்தத்துக்கு முங்கியது. நான் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். எழுந்திருக்கவே இல்லை. துணி தோளிலேயே காய்ந்துவிட்டது.

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். பட்டுப்புடவையும் மல்லிகையும் கடலைப்பருப்புச் சுண்டலும். தலைவர் பூஜைச் சாமான் பற்றிப் பேசக் குருக்கள் வீட்டுக்குப் போயிருந்தார். செல்போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. எல்லோரும் பாடி முடித்து என்னைப் பார்த்தார்கள். முக்குளிப்பானைக் கையில் எடுத்தேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக.

*முங்கி முங்கி எந்திரிக்கும் முக்குளிப்பான் தங்கமே
முங்கிப் போயி ஒளிஞ்சு நின்னு வெளையாட்டுக் காட்டுவியே
முங்கினதை நான் பாத்தேன் முந்தானை நனஞ்சு நின்னேன்
இன்னிக்கு ஏன் எந்திரிக்கலை, என்னைப் பெத்த கண்ணே*

கடைசி அடியில் குரல் உடைந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே அடியை மறுபடி எடுத்தேன், எங்கள் அத்தை எடுப்பது மாதிரி, அடிவயிற்றிலிருந்து. அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. மூன்றாம் வீட்டு வைதேகிக்குப் போன வருஷம் அண்ணன் தவறிவிட்டார், அவள் என் தோளில் கைபோட்டு "அண்ணா" என்று ஆரம்பித்தாள். அவள் தோளில் இன்னொருத்தி அவள் அம்மாவுக்காக. மெட்டுக்கு அப்படி ஒரு குணம், ஒருத்திக்குப் பாடினால் அவரவர் சாவு அவரவருக்கு ஞாபகம் வரும். கண்ணை மூடி மார்க் போடுகிற கோமளா திறந்த கண்ணோடு தேம்பினாள். அவள் யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. கூடம் நிறைய, கையில் சுண்டல் கிண்ணத்தோடு, வட்டமாகச் சேர்ந்து அழுதோம். கொலுப் படியிலிருந்த செட்டியாரும் செட்டிச்சியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் காவலர் ஏகாம்பரம் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். தலைவர் வீட்டில் ஒப்பாரி. தலைவரைக் காணோம். போன் பண்ணினால் எடுக்கவில்லை. இதற்குமேல் ஒருவருக்கு என்ன ஆதாரம் வேண்டும்? சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' போட, அடுத்தவர் சங்க ஆண்டுவிழாப் படத்திலிருந்து தலைவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் 'கண்ணீர் அஞ்சலி' என்று பூப்போட்டு ஏற்றிவிட்டார். எல்லாம் முடிய அரைமணிகூட ஆகவில்லை. இதே ஆட்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தலைவர் ஸ்கூட்டரில் திரும்பி வந்தபோது வாசலில் முப்பது நாற்பது பேர். செருப்பெல்லாம் கழற்றிக் கிடக்கிறது. உள்ளேயிருந்து ஒப்பாரி. தமக்குத்தான் இரங்கல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிறது நான்.

ஸ்கூட்டர் விழுந்த சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரர் செருப்போடு ஓடிவந்தார், கொலுக் கூடத்துக்குள், பெண்களையெல்லாம் விலக்கிக்கொண்டு. வட்டத்துக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றார். என் பெயரைச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தார், அத்தனை பேர் முன்னால். இந்த வயதில் அப்படி ஓடக்கூடாது, மூச்சு வாங்கும்.

அப்புறம்தான் வாசலில் நின்றவர்களுக்கு ஓடிவந்தது யார் என்று புரிந்தது. துணைத்தலைவர் கோபாலரத்தினம் பெரிய ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. "தலைவரே... வாங்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி. சரஸ்வதி பூஜை

இன்று எழுதக் கூடாது. பேனா பூஜையில் இருக்கிறது. பென்சிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தலைவர் காலையிலிருந்து செல்போனும் கையுமாக இருந்தார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டவில்லை. இரங்கல் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் போனை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பாரு."

'ஓம் சாந்தி.' 'ஓம் சாந்தி.' ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், எழுத்துப்பிழையோடு. கடைசியில் எட்டாவது தெருக்காரர் ஒருவர்: 'தலைவர் ஆத்மா சாந்தியடையட்டும். சனிக்கிழமை பூமி பூஜை நடக்குமா என்று தெரிவிக்கவும்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"ஆறு வருஷமா தலைவரா இருக்கேன்" என்றார். "செத்தா கேக்கறது பார்க்கிங்கைப் பத்தி."

"விடுங்க. செத்ததா புரளி வந்தா ஆயுசு கெட்டி."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "நாயகி, நெஜமாவே நான் போயிட்டா எனக்கு என்ன பாடுவ?"

"இது என்ன பேச்சு, பூஜையும் அதுவுமா."

"சும்மா சொல்லு."

யோசித்தேன். "கணக்குப் புஸ்தகம் தப்பில்லாம வெச்ச மவராசா" என்று ஆரம்பித்தேன். அடுத்த அடி வரவில்லை. "காரு நிறுத்த எடம் கொடுத்த..." என்று இழுத்துப் பார்த்தேன். எனக்கே நன்றாக இல்லை.

"அவ்ளோதானா?"

"வரலைங்க. நான் என்ன பண்ண?"

"நாரைக்கு நாலு அடி வந்துது" என்றார். "எனக்கு ரெண்டு வரலையா?"

கேலி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். நேற்று கன்னத்தைப் பிடித்த கை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

நாளைக்கு மணையில் உட்காருவது என்று முடிவு பண்ணிவிட்டேன். பத்து நாளாக வைத்திருந்த திட்டம் வேறு. பூஜைக்கு நடுவில் எழுந்து போய்விடுவது என்று இருந்தேன், ஊர் பார்க்க. இனி முடியாது. அந்த மனுஷனை இன்னொரு தடவை அத்தனை பேர் முன்னால் நிற்கவைக்க என்னால் ஆகாது. தாங்கல் போகட்டும். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போகட்டும்.

மயில்கழுத்துப் புடவையை எடுத்து வைத்தாயிற்று.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

பந்தல், வாழைமரம், மைக்செட், ஒரு ஓரமாக ஜேசிபி. ஜேசிபிக்கும் சந்தனப் பொட்டு. நகரே வந்திருந்தது. மேற்கு மூலைக் கோரை முழுவதும் மண்ணுக்கு அடியில்.

மணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர். குருக்கள் பவித்திரம் கொடுத்தார். அவர் வாங்கினார், விரலில் போடவில்லை.

"போட்டுக்கோங்கோ" என்றார் குருக்கள்.

"சாமி, ஒரு சந்தேகம்." மைக் பக்கத்தில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது. "முந்தாநேத்து எனக்கு மாலை போட்டாங்க. கண்ணீர் அஞ்சலி அடிச்சு அனுப்பிட்டாங்க. பொம்பளைங்க கூடி ஒப்பாரியும் வெச்சாச்சு. சாஸ்திரப்படி என் எழவுத் தீட்டு எனக்கே இருக்குமா இருக்காதா?"

குருக்கள் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். நாற்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"உயிரோட இருக்கறவாளுக்கு ஏது தீட்டு..." என்று இழுத்தார்.

"அது சரி. ஆனா அப்பேர்ப்பட்டவன் கையால மொதல் கல்லு வெச்சு, நாளைக்கு அதுல நிக்கிற காருக்கு எங்கயாவது ஒண்ணுன்னா? நான் பொறுப்பேத்துக்க மாட்டேன். நீங்க ஏத்துக்கிறீங்களா?"

கூட்டத்தில் சலசலப்பு. கார் வைத்திருக்கிற எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குருக்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், அவருக்கும் கார் இருக்கிறது. "அப்ப வேற தம்பதி உக்காரட்டும்" என்றார்.

"கோபால், நீ வா" என்று என் வீட்டுக்காரர் துணைத்தலைவரைக் கூப்பிட்டார்.

கோபாலரத்தினத்தின் சட்டையை அவர் மனைவி பின்னாலிருந்து பிடித்தாள். "மாலை போட்டதே இவருதான். வேணாங்க." கோமளா தன் கணவரைப் பார்த்தாள், அவர் ஏற்கெனவே பந்தலுக்கு வெளியே போயிருந்தார். எட்டாவது தெருக்காரரையும் கேட்டோம். முதுகுப் பிடிப்பாம், சம்மணம் போட முடியாதாம்.

தாங்கலையும் பறவையையும் பற்றி நான் பேசினால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். தீட்டு என்றதும் படித்தவர், படிக்காதவர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் எல்லோரும் ஒரே வரிசையில் பின்னால் நகர்ந்தார்கள்.

குருக்கள் விரல் மடக்கிப் பார்த்தார். "ஐப்பசி மழை. கார்த்திகையும் மழை. மார்கழி ஆகாது. தையில பாத்துக்கலாம்."

"தையில என்னை மறுபடி கேளுங்க" என்றார் தலைவர். "தலைவர் நான்தானே."

திரும்பி நடந்தோம். வீட்டு வாசலில்தான் கேட்டேன், "எப்ப இந்த யோசனை வந்துது?"

"மணையில உக்காந்து உன் மூஞ்சியைப் பாத்ததும்" என்றார். "நீ எழுந்து போவேன்னு நெனச்சேன். போகலை."

கொலுப் போட்டியில் எனக்குப் பரிசு இல்லை. மங்கள நாளில் அமங்கலம் என்று நடுவர் குறிப்பு. சுண்டலுக்கு மட்டும் ஆறுதல் பரிசு, அந்த மொச்சை தவிர.

அக்டோபர் 16, புதன்

நேற்றிலிருந்து மழை. தாங்கல் நிரம்பிக் கொட்டின மண்ணில் பாதியைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கார்களையெல்லாம் தெருமேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். தலைவர் குடையோடு போய்த் தாங்கலுக்குத் தண்ணீர் வருகிற வழியை அடைத்திருந்த மண்மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு வந்தார். தானாகச் சரிந்துவிட்டதாம், என்னிடமே சொல்கிறார்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலையில் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் மாடிக்குப் போகிறார். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஒத்துக்கொள்கிறதாம். நேற்று முக்குளிப்பானைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். கையை அகலமாக விரித்துக் காட்டினார். அது நீர்க்காகம். நான் சொல்லவில்லை. முக்குளிப்பான் அன்றைக்கு முங்கினதுதான், நானும் தினமும் பார்க்கிறேன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்று மறுபடி ஆரம்பித்தார். "இப்ப எழுத விஷயம் இருக்குல்ல? தாங்கலைக் காப்பாத்தினவன்னு ஒரு அடி போடு."

"எழுதிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தனை அடி ஆச்சு?"

"ஒண்ணு."

"பாடு, கேப்போம்."

"அரைகுறையா பாடக்கூடாது. முழுசா முடிஞ்சதும் பாடறேன்."

தை வரைக்கும் பொறுப்பாராம். அதற்குள் முடித்துவிடு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அவர் போனதும் சமையலறையில் தனியாகப் பாடிப் பார்த்தேன். முதல் அடிகூட முடியவில்லை. 'மவராசா' என்கிற இடத்திலேயே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. புளிக்குழம்பு வாசனை நெடியாக இருந்தது, அதனால் இருக்கும்.

இந்தப் பாட்டை நான் முடிக்கப்போவதில்லை. முடித்துக் கொடுத்துவிட்டால் அவர் திருப்தியாகிவிடுவார், அடுத்த வாரமே தாங்கலைத் தூர்க்கச் சம்மதித்துவிடுவார். தலைவரை நம்ப முடியாது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான்.